சங்கத்தின் பெயரை மாற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

நூலகர்களின் தொழில்முறைச் சங்கம் ஒன்றில் பெயர் மாற்றப் பேச்சு கிளம்பியிருக்கிறது. பெயரிலிருந்து 'நூலகம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அறிவு மேலாண்மை வல்லுநர்' என்று வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு முன்மொழிந்திருக்கிறது, அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பவர்கள் எல்லோருமே எழுதியிருக்கிறார்கள், சில கடிதங்களில் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் நூலகராக இருக்கிறேன். அச்சுப் புத்தகம் என்று பார்த்தால் என் அறையில் ஓர் அலமாரிகூடத் தேறாது. காப்புரிமைத் தேடல், சந்தைத் தகவல், டேட்டாபேஸ் சந்தாவுக்குப் பேரம் பேசுவது, இதுதான் நாள் முழுக்க வேலை. ஆனால் 'லைப்ரரியன்' என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது. சங்கத்தின் பெயர் மாறினால் மதிப்பு கூடும் என்கிறது செயற்குழு. உங்கள் கருத்து என்ன?
– ஒரு நிறுவன நூலகர்

பதில்: உங்கள் ஆதங்கம் நூற்றுக்கு நூறு நியாயமானது. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'நூலகம்' என்ற சொல்லை எடுப்பதை நான் எதிர்க்கிறேன், அதனோடு இன்னொரு சொல்லைச் சேர்ப்பதை எதிர்க்கவில்லை.

ஏன் என்றால், உங்கள் சம்பளத்தையும் பதவியையும் முடிவு செய்கிறவர் நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பல நேரம் அப்படி ஒரு சங்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் வேலை அவர் கண்ணில் படுகிறதா இல்லையா என்பதுதான் விஷயம், நம் தொழிலில் பெரும்பாலும் அது படுவதே இல்லை. மருத்துவ நூலகர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிகிச்சை பற்றி இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி முறையான மீளாய்வு எழுத மருத்துவர்கள் சிலர் முடிவு செய்கிறார்கள். மாரடைப்புக்கு ஒரே ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் பல கட்டுரைகள் தப்பிவிடும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரை டேட்டாபேஸில் அதற்கான பொருள்தலைப்பு (கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட ஏற்றும் நிலையான சொல்) 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்', ஆனால் கட்டுரை எழுதியவர்கள் 'ஹார்ட் அட்டாக்' என்றும் எழுதியிருப்பார்கள், சுருக்கெழுத்தாகவும் போட்டிருப்பார்கள், புத்தம் புதிதாக வந்த கட்டுரைக்கு இன்னும் பொருள்தலைப்பே ஏறியிருக்காது. இத்தனையையும் 'அல்லது' போட்டுச் சேர்த்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் நடுவில் 'மற்றும்' போட்டு, அதே தேடலை எம்பேஸ் டேட்டாபேஸின் சொற்களுக்கு ஏற்ப மறுபடி எழுதி, எங்கே தேடினோம், எந்தத் தேதியில் தேடினோம், எத்தனை முடிவுகள் வந்தன என்று குறித்துவைத்து, வேறொருவர் அப்படியே மறுபடி நடத்திப் பார்க்கும்படி கொடுப்பவர் நூலகர். அந்த மீளாய்வு நிற்பதும் விழுவதும் அந்தத் தேடலில்தான். கட்டுரை வெளிவரும்போது அவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரி வந்தால் உண்டு.

நிறுவனங்களிலும் இதே கதைதான். நீங்கள் தேடித் தொகுத்துக் கொடுத்த அறிக்கை மேலே மூன்று பேர் கை மாறிப் போகும்போது உங்கள் பெயர் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே உங்கள் பெயர், உங்கள் பிரிவின் பெயர், தேடிய தேதி, தேடிய இடங்கள் எல்லாம் இருக்கட்டும். ஆண்டு முடியும்போது எந்தச் சந்தாவை நிறுத்தினீர்கள், அதில் எவ்வளவு மிச்சமானது, எந்தத் திட்டத்துக்கு உங்கள் தேடல் உதவியது என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள். சங்கம் உங்களுக்குச் செய்ய வேண்டியதும் இந்த வகை உதவிதான்: பதவிக்கான பணி விவரத்தின் மாதிரி, சம்பளக் கணக்கெடுப்பு, கட்டுரையில் இணையாசிரியராகப் பெயர் கேட்க உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லும் வழிகாட்டி. இதையெல்லாம் செய்துவிட்டுப் பெயரையும் மாற்றலாம் என்று வந்தால் நான் உட்கார்ந்து பேசத் தயார். இதில் எதையும் செய்யாத சங்கம் பெயரை மட்டும் மாற்றினால், வாசல் போர்டை மாற்றிவிட்டுக் கடைக்குள் பழைய சரக்கையே வைத்திருப்பது போலத்தான்.

கேள்வி: வேறு நாடுகளில் இப்படிப் பெயர் மாற்றிய நூலகர் சங்கங்கள் உண்டா? அங்கே என்ன ஆனது?
– நூலகத் துறை மாணவர்

பதில்: உண்டு, விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் செயற்குழு வைக்கும் வாதங்கள் ஒவ்வொன்றும் வேறு எங்காவது வைக்கப்பட்டு, வாக்கெடுப்பு வரை போய்ப் பார்த்தவைதான்.

அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ஸ்பெஷல் லைப்ரரீஸ் அசோசியேஷன், சுருக்கமாக எஸ்.எல்.ஏ. நிறுவனங்கள், அரசுத் துறைகள், செய்தித்தாள்கள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றின் நூலகர்களுக்காக ஜான் காட்டன் டானா என்ற நூலகர் முன்னின்று 1909-ல் தொடங்கியது. அந்தப் பெயரையே அவர்கள் தயக்கத்தோடுதான் வைத்தார்கள், இதைவிட நல்லது கிடைக்கவில்லை என்பதால் வைத்தது என்று டானாவே பின்னால் எழுதியிருக்கிறார். ஆக, பெயர்ச் சிக்கல் அந்தச் சங்கத்தோடு கூடவே பிறந்தது. 2003-ல் நீண்ட பெயரை ஒதுக்கிவைத்து எஸ்.எல்.ஏ. என்ற எழுத்துகளையே பெயராக்கிக்கொண்டார்கள். நூறாவது ஆண்டை ஒட்டி, ஆலோசனை நிறுவனங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நிர்வாகிகளுக்கு 'நூலகம்' என்பதைவிட 'அறிவு' என்ற சொல் மதிப்பாகத் தெரிகிறது என்று அதில் வந்தது. அதை வைத்து 2009-ல் 'அசோசியேஷன் ஃபார் ஸ்ட்ராட்டஜிக் நாலெட்ஜ் புரொஃபஷனல்ஸ்' என்ற பெயரை முன்மொழிந்தார்கள், சுருக்கம் 'ஆஸ்க்புரோ'. அந்த ஆண்டு டிசம்பரில் முடிவு வந்தது: வேண்டும் 2071, வேண்டாம் 3225. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வாக்களித்திருந்தார்கள்.

அடுத்தது அமெரிக்கச் சட்ட நூலகர்கள். அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் லா லைப்ரரீஸ் 1906-ல் தொடங்கியது. 2015-ன் கடைசியில் அதன் நிர்வாகக் குழு 'அசோசியேஷன் ஃபார் லீகல் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. இதில் 'நூலகம்' இல்லை, 'அமெரிக்கன்' இல்லை, ஒரு மனிதரைக் குறிக்கும் சொல்லும் இல்லை. சுருக்கினால் ஏ.எல்.ஐ. என்று வரும், அதுவோ 1923 முதல் இயங்கும் அமெரிக்கன் லா இன்ஸ்டிட்யூட்டின் சுருக்கம், சட்டத் துறையில் அந்த மூன்று எழுத்துகளை அறியாதவர் கிடையாது. 2016-ன் தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிரிட்டனின் கதை இன்னும் பயனுள்ளது, அங்கே இரண்டு விதமும் நடந்தது. 1877-ல் தொடங்கிய லைப்ரரி அசோசியேஷனும் 1958-ல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஆஃப் இன்ஃபர்மேஷன் சயன்டிஸ்ட்ஸும் 2002-ல் இணைந்தன. இணைந்த அமைப்பின் பெயர் சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் புரொஃபஷனல்ஸ், எல்லோரும் சொல்வது சிலிப். இரண்டு தரப்பின் சொல்லும் பெயரில் உள்ளே இருந்தது. 2013-ல் பெயரைப் புதுப்பிக்கிறோம் என்று உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது 'தி நாலெட்ஜ் பீப்பிள்' போன்ற பெயர்கள் வந்தன, அந்தப் பட்டியலில் நூலகம் என்ற சொல்லே காணவில்லை. உறுப்பினர்கள் கொதித்துப்போய் அந்த ஆண்டு பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு அந்த முயற்சியை நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த அமைப்பு சிலிப் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழே 'நூலக, தகவல் சங்கம்' என்று பொருள்படும் விளக்க வரியைச் சேர்த்துக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் 1937-ல் தொடங்கிய அமைப்பு 1949-ல் ஒரு முறை பெயர் மாறியது, 1989-ல் மறுபடி மாறி ஆஸ்திரேலியன் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் அசோசியேஷன் ஆனது. நியூசிலாந்துச் சங்கமும் அதே போல 'தகவல்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு பெயர்களும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். சேர்த்தபோது உறுப்பினர்கள் கூடவே வந்தார்கள், எடுத்தபோது எதிர்த்து எழுந்து நின்றார்கள். மாற்றம் என்றாலே பிடிக்காதவர்கள் என்று நூலகர்களைச் சொல்வது இதனால்தான் தப்பு. கார்டு கேட்டலாகிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியது, அச்சு இதழிலிருந்து மின்னிதழுக்கு மாறியது எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவர்கள் இவர்கள்தான்.

கேள்வி: ஆனால் எஸ்.எல்.ஏ. இப்போது இல்லையே! 2009-ல் பெயரை மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் அல்லவா? வேண்டாம் என்று வாக்களித்தவர்கள்தானே அதைக் கொன்றார்கள்?
– பெயர் மாற்றத்தை ஆதரிக்கும் உறுப்பினர்

பதில்: எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் இதுதான், அதனால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், எஸ்.எல்.ஏ. தன்னைக் கலைத்துக்கொள்ளும் முடிவை 2025-ல் அறிவித்தது. நூறாண்டைத் தாண்டிய சங்கம் அப்படி முடிந்ததில் எனக்கும் மனம் கனத்தது.

ஆனால் அது ஏன் முடிந்தது? நிறுவன நூலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2008 பொருளாதாரச் சரிவில் வேலை இழந்தவர்கள் பலர், வேலை தப்பியவர்களுக்கும் சங்கச் சந்தாவையும் மாநாட்டுச் செலவையும் நிறுவனம் கட்டுவது நின்றுபோனது. முன்பெல்லாம் மாநாட்டில்தான் சக தொழில்காரரைப் பார்க்க முடியும், இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி வெபினாரில் பார்த்துவிடலாம். உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், உறுப்பினர் குறைந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் சேவை குறையும், சேவை குறைந்தால் இருப்பவரும் போய்விடுவார். இந்தச் சுழலில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெயரை மாற்றிக்கொண்ட சங்கத்துக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? பிரிட்டனில் ஆஸ்லிப் என்று ஒன்று இருந்தது, 1924-ல் சிறப்பு நூலகங்களுக்காகவும் தகவல் மையங்களுக்காகவும் தொடங்கியது, ஏறக்குறைய எஸ்.எல்.ஏ.வுக்கு அக்கரைச் சகோதரி. எண்பதுகளிலேயே அது 'தகவல் மேலாண்மைச் சங்கம்' என்று தன்னை அழைத்துக்கொண்டது, அதாவது நீங்கள் இப்போது கேட்கும் மாற்றத்தை அப்போதே செய்துவிட்டது. 2010-ல் ஒரு பதிப்பகக் குழுமம் அதை வாங்கிவிட்டது. பெயர் மாறிய சங்கமும் தனியாக நிற்கவில்லை, மாறாத சங்கமும் நிற்கவில்லை.

இன்னொரு உதாரணம் உங்கள் பக்கத்துக்குச் சாதகமானது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 1937-ல் அமெரிக்கன் டாக்குமெண்டேஷன் இன்ஸ்டிட்யூட் என்று மைக்ரோஃபிலிம் ஆர்வத்தோடு தொடங்கிய அமைப்பு, 1968-ல் இன்ஃபர்மேஷன் சயன்ஸ் என்று பெயர் மாற்றியது, 2000-ல் டெக்னாலஜியைச் சேர்த்தது, 2013-ல் 'அமெரிக்கன்' என்பதையும் விட்டுவிட்டு இன்றுவரை நடக்கிறது. ஆனால் அங்கே 1968-க்குள் வேலையே மாறியிருந்தது, மைக்ரோஃபிலிமை விட்டுக் கம்ப்யூட்டர் தேடலுக்கு உறுப்பினர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், பெயர் அவர்கள் பின்னால் போனது. செயற்குழு ஒரு பெயரை முன்னால் வைத்து, உறுப்பினர்களை அதன் பின்னால் வரச் சொல்வது வேறு வகை.

கேள்வி: நான் நூலகவியல் படித்தவள், ஆனால் என் பதவிப் பெயரில் 'நூலகர்' இல்லை. ஆய்வுத் தரவு மேலாளராக இருக்கிறேன். சங்கக் கூட்டத்துக்குப் போனால் 'நீங்கள் நூலகரா?' என்று கேட்கிறார்கள். பெயரை மாற்றக் கூடாது என்கிறவர்கள் என்னைப் போன்றவர்களை வெளியே நிறுத்துகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.
– ஆய்வுத் தரவு மேலாளர்

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கேள்வியை உங்களிடம் யார் கேட்டாலும் அது தவறு. ஒரு தரவுத் தொகுப்புக்கு விவரணம் எழுதுவது, நிலையான அடையாள எண் வாங்கிக் கொடுப்பது, யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று குறிப்பது, பத்தாண்டுக்குப் பிறகும் கோப்பு திறக்கும்படி வடிவத்தைப் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் அட்டவணையாக்கமும் பாதுகாப்பும்தான், பொருள் மட்டும் புத்தகம் இல்லை. நீங்கள் நூலகர் இல்லை என்றால் வேறு யார்?

ஆனால் உங்களை வெளியே நிறுத்துவது சங்கத்தின் பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. விதிமுறைகளில் உறுப்பினர் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். 'நூலகத்தில் பணிபுரிபவர்' என்று அதில் இருந்தால் அதுதான் சுவர். அந்த வாக்கியத்தை 'தகவலைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பாதுகாத்து, பிறருக்குக் கிடைக்கச் செய்யும் பணியில் இருப்பவர்' என்று திருத்தினால் நாளையே உங்களுக்கு முழு உறுப்பினர் உரிமை, வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் உரிமை எல்லாம் வந்துவிடும். அப்புறம் செயற்குழுவில் உங்கள் பணிக்கென்று ஒரு பிரிவு, ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அமர்வு, இதழில் சில பக்கங்கள். சங்கத்தின் பெயர் நாளைக்கே மாறினாலும் இந்த வாக்கியம் மாறவில்லை என்றால் உங்கள் நிலையில் ஒன்றுமே மாறாது. இத்தனை கடிதங்களில் ஒருவர்கூட இந்த விதியைப் பற்றி எழுதவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் பெயரில் 'தகவல்' என்ற சொல்லைச் சேர்க்கலாம் என்கிறேன். அது உங்களுக்கு இடம் தரும், ஊரில் ஒற்றை ஆளாகப் பொது நூலகம் நடத்துகிறவரிடமிருந்து எதையும் பறிக்காது. 'அறிவு மேலாண்மை வல்லுநர்' என்ற பெயரில் அவர் எங்கே நிற்பார்? வீட்டுப்பாடத்துக்கு வரும் பிள்ளைக்கும் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் வரும் பெரியவருக்கும் உதவி செய்யும் அந்த மனிதர், இது நமக்கான சங்கம் இல்லை என்று நினைத்துச் சந்தாவை நிறுத்திவிடுவார். உள்ளே வர ஒருவருக்குக் கதவு திறப்பதற்காக இன்னொருவரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

கேள்வி: சண்டையே வேண்டாம், எஸ்.எல்.ஏ. செய்தது போலச் சுருக்கெழுத்தை மட்டும் பெயராக வைத்துக்கொண்டால் என்ன?
– ஒரு பள்ளி நூலகர்

பதில்: உள்ளே இருப்பவர்களுக்குச் சரி. வெளியே இருப்பவருக்கு மூன்று எழுத்து எதையுமே சொல்லாது, ஒவ்வொரு முறையும் விரித்துச் சொல்ல வேண்டும், விரித்துச் சொல்லும்போது பழைய பெயர்தான் வரும். இணையத்தில் தேடினால் அதே மூன்று எழுத்துள்ள வேறு பத்து அமைப்புகள் முன்னால் வந்து நிற்கும். வேண்டாம்.

கேள்வி: ஐயா, நாற்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடக் கூடாது. மாற்றத் துடிக்கும் இளைஞர்களுக்குப் புத்தகத்தின் மேல் பற்றே இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தமாக எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற நூலகர்

பதில்: உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் கேட்டபடி எழுத முடியாது ஐயா. ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்றால் நம் தொழிலின் பாதிச் சங்கங்கள் இருந்திருக்காது. அமெரிக்க மருத்துவ நூலகர் சங்கம் 1898-ல் தொடங்கும்போது வேறு பெயர்தான், இப்போதைய பெயர் 1907-ல் வந்தது. மேலே ஆஸ்திரேலியாவையும் சொன்னேன்.

அப்புறம் இளைஞர்களுக்குப் பற்றில்லை என்பது. மாற்றம் கேட்டு எழுதியவர்களின் கடிதங்களை நான் படித்தேன், அவற்றில் இருப்பது பற்றின்மை இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். ஒப்பந்த வேலையில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள். 'நூலகர்' பதவியைக் காலியாகவே வைத்துவிட்டு, அதே வேலைக்கு வேறு பெயரில் வேறு துறைக்காரரை எடுப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள். அவர்களைப் பொதுக்குழுவில் கூச்சல் போட்டு உட்கார வைத்தால் வாக்கெடுப்பில் ஜெயிப்பீர்கள், அடுத்த ஆண்டு அவர்கள் சந்தா கட்ட மாட்டார்கள். பேச விடுங்கள், முடிந்தால் முதலில் பேச விடுங்கள்.

கேள்வி: செயற்குழு உறுப்பினராக எழுதுகிறேன். எங்கள் நோக்கம் நல்லதுதான். வாக்கெடுப்பைச் சரியாக நடத்த என்னென்ன கவனிக்க வேண்டும்?
– செயற்குழு உறுப்பினர்

பதில்: நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. நடத்திய விதத்தில்தான் எனக்குக் குறை. எந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக இந்தப் பெயர் வருகிறது என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. உறுப்பினர் குறைகிறார்களா, முதலாளிகள் மதிப்பதில்லையா, வேறு துறைக்காரர்களைச் சேர்க்க வேண்டுமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.

வாக்குச்சீட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டே பதில் வைக்காதீர்கள். இருப்பதே தொடரட்டும், 'தகவல்' சேரட்டும், புதுப் பெயர் வரட்டும் என்று மூன்று இருக்கட்டும். மூன்றில் எதற்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் அதிக வாக்கு வாங்கிய இரண்டுக்கும் நடுவில் மறு வாக்கெடுப்பு. விதிமுறைத் திருத்தத்துக்கு எத்தனை பங்கு ஆதரவு வேண்டும், எத்தனை பேர் வாக்களித்தால் செல்லும் என்பதை இப்போதே அறிவித்துவிடுங்கள், முடிவு வந்த பிறகு விதியைத் தேடினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் செலவு. முத்திரை, லெட்டர்ஹெட், வங்கிக் கணக்கு, பதிவு ஆவணம், வெப்சைட் முகவரி, இவை எல்லோருக்கும் தோன்றும். சங்கத்தின் இதழை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சங்கப் பெயரோடு சேர்ந்து இதழின் பெயரும் பெரிதாக மாறினால் புது ஐ.எஸ்.எஸ்.என்., அதாவது இதழை அடையாளம் காட்டும் எண், வாங்க வேண்டும். இதழை வாங்கும் ஒவ்வொரு நூலகத்திலும் பழைய பதிவை மூடிப் புதுப் பதிவைத் திறந்து, மார்க் என்ற கணினி அட்டவணைப் பதிவில் 780-ம் புலத்தில் முந்தைய பெயரையும் 785-ல் பிந்தைய பெயரையும் போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும். சங்கத்தின் பெயருக்கும் அப்படித்தான், அமைப்பு ஒன்று பெயர் மாறினால் அட்டவணையில் அதன் பழைய பெயர்த் தலைப்பை அழிப்பதில்லை, புதுத் தலைப்பு உருவாக்கி, 510-ம் புலத்தில் இது அதற்கு முந்தையது, அது இதற்குப் பிந்தையது என்று மாற்றிமாற்றிக் குறிப்போம். இதழ்கள் அடிக்கடி பெயர் மாறினால் அட்டவணையாளர்கள் படும் பாடு நம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்? அந்த வேலையை மற்ற நூலகர்களின் தலையில் நாமே கட்டுவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும். சங்கப் பெயர் மாறினாலும் இதழின் பெயரை அப்படியே விட்டுவிட வழி இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, புதுப் பெயரின் சுருக்கத்தை முதலில் எழுதிப் பாருங்கள், வேறு யாராவது அதை வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். சட்ட நூலகர்களுக்கு நடந்தது நமக்கும் நடக்கக் கூடாது.

கேள்வி: இவ்வளவு பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது? நூலகங்கள் மூடப்படுகின்றன, நாம் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு இல்லை. ஒரு நூலகத்தை மூடும்போது அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது சங்கம். அந்தச் சங்கத்தின் பெயரிலேயே நூலகம் இல்லை என்றால், மூடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'நீங்களே அந்தச் சொல்லை விட்டுவிட்டீர்களே' என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கேள்வி: உங்களுக்கு வாக்கு இருந்தால் எப்படிப் போடுவீர்கள்? நேரில் வர முடியாதவர்கள் என்ன செய்வது?
– பல வாசகர்கள்

பதில்: இப்போது இருக்கும் தீர்மானம் அப்படியே வந்தால் எதிர்த்துத்தான் போடுவேன். 'நூலக, தகவல்' என்று இரண்டும் சேர்ந்த பெயரைத் திருத்தமாக யாராவது முன்மொழிந்தால் ஆதரிப்பேன். அப்படி ஒரு திருத்தம் கொண்டுவர நினைப்பவர்கள் கூட்டத்தன்று எழுந்து நின்று சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், முன்கூட்டியே எழுத்தில், ஆதரிப்பவர்களின் கையெழுத்தோடு செயலாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், எத்தனை நாளுக்கு முன்பு என்று விதிமுறையில் பாருங்கள். நேரில் வர முடியாதவர்களுக்குத் தபால் வாக்கோ ஆன்லைன் வாக்கோ உண்டா என்பதையும் இப்போதே மெயில் போட்டுக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சந்தா பாக்கி இருந்தால் பல சங்கங்களில் வாக்குரிமை கிடையாது. அதனால் முதல் வேலையாகச் சந்தாவைக் கட்டிவிட்டு, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.